தமிழ் மக்கள் போற்றிய குரல்கள்

ஒரு நாட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் அரசர் பெயர்களையும் போர் நடந்த ஆண்டுகளையும் தேடித் தொகுப்பது வழக்கம். அந்நாட்டு மக்கள் பகலெல்லாம் உழைத்துக் களைத்தபின் எவருடைய குரலைக் கேட்டுக் களைப்பாறினர் என்று எழுதி வைப்பார் அரியர். ஆயினும் மக்கள் மனநிலையை உள்ளவாறு காட்டுவது அவர்கள் விரும்பிய குரலேயாகும். அரசனை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. போரை அவர்கள் வேண்டவில்லை. பாட்டுக்காரரையோ தாமே தேர்ந்தெடுத்தனர். கைக்காசு கொடுத்துக் கேட்டனர். கேட்டதைத் தம் வாயாலும் பாடி வளர்த்தனர்.

சென்ற நூற்றாண்டில் தமிழ் மக்கள் போற்றிய குரல்கள் பல. நாடகமேடைக் குரல், சபைக் கச்சேரிக் குரல், பேசும்படக் குரல், பொதுக்கூட்ட மேடைக் குரல், வயற்காட்டுக் குரல் என அவை பல வகைப்படும். இவற்றைப் பற்றிப் பேசுங்கால் “இன்னார் குரல் தேன், இன்னார் குரல் குயில்” என்று சொல்லி அமைந்துவிடுதல் நம்மவர் இயல்பு. அவ்வளவில் நின்றால் வரலாறு விளங்காது. எவருக்குப் பாட உரிமை இருந்தது? எக்கருவியின் வாயிலாக அக்குரல் மக்களை அடைந்தது? எம்மொழியில் அது பாடிற்று? இம்மூன்று வினாக்களுக்கும் விடை தேடினாலன்றி ஒரு குரல் ஏன் ஒரு காலத்தை ஆண்டது என்பது புலனாகாது.

ஒலிபெருக்கி இல்லாத மேடை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ் நாடக மேடைக்கு ஒலிபெருக்கி கிடையாது. இரவு பத்து மணியளவில் தொடங்கும் நாடகம் விடியுமட்டும் நடைபெறும். கொட்டகையின் கடைசி மூலையில் தரையில் அமர்ந்திருப்பவன் செவிக்கும் பாட்டு எட்டவேண்டும். எட்டாவிடின் அவன் சும்மா இரான். ஆதலின் நடிகர் யாவரும் உச்சச் சுருதியிற் பாடப் பழகினர். ஆண் மக்களும் நான்கு கட்டை, ஐந்து கட்டைச் சுருதியில் நின்று பாடினர். இன்று நமக்கு வியப்பூட்டும் அவ்வுயர்ந்த குரல், அன்று பிழைப்புக்கு இன்றியமையாத ஒரு கருவியாக இருந்தது.

தமிழ் நாடகத்தின் தலைமை ஆசிரியராகிய சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) காலத்தில் பாலர் நாடக சபைகள் தோன்றின. வறுமையுற்ற குடும்பங்களைச் சேர்ந்த சிறுவர்கள் அவற்றிற் சேர்க்கப்பட்டனர். சோற்றுக்கும் துணிக்கும் ஈடாகத் தம் குரலை அவர்கள் கொடுத்தனர் என்பதே மெய். பருவம் வந்து மகரக்கட்டு உடைந்ததும் அக்குரல் போய்விடும். குரல் போனால் வேடமும் போய்விடும். புதுக்கோட்டை பி. யு. சின்னப்பா (1916–1951) இவ்வாறு குரல் உடைந்து மேடையை விட்டு விலக நேர்ந்தவரே. அவர் உடற்பயிற்சியிலும் சிலம்பத்திலும் தேறி, இசைப் பயிற்சியையும் கைவிடாது, பேசும்படத்திற் புகுந்து, ‘உத்தமபுத்திரன்’ (1940), ‘கண்ணகி’ (1942) முதலிய படங்களால் மறுபடியும் புகழ் பெற்றார். மீண்டு வந்தவர் அவர். வராதவர் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கில்லை.

அம்மேடையின் முடிமணியாக விளங்கியவர் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா. 1906இற் பிறந்து 1933இல் மறைந்த அவருக்கு வாழ்நாள் இருபத்தேழே ஆண்டுகள். கொடுமுடியில் 1908இற் பிறந்த கே. பி. சுந்தராம்பாளும் அவரும் இலங்கையில் ஒரே மேடையில் நடிக்கத் தொடங்கி, வாழ்விலும் இணைந்தனர். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடுத்துப் போட்டியிட்டுப் பாடுவதைக் கேட்கவே மக்கள் திரண்டனர் என்பர். கிட்டப்பா முன்னரே மணமானவர், குலமும் வேறு. மேடையில் அவ்விருவரையும் சமமாகப் போற்றிய சமூகம் வாழ்க்கையில் சுந்தராம்பாளுக்கு அச்சமத்துவத்தைக் கொடுத்ததா என்பது எண்ணிப் பார்க்கவேண்டிய வினா. கிட்டப்பா மறைந்தபின் அவ்வம்மையார் வெண்ணிற ஆடை பூண்டு, இனி ஆடவரோடு இணைந்து நடிப்பதில்லை என்று உறுதி கொண்டார். அதனாலேயே 1935இல் வெளிவந்த ‘நந்தனார்’ படத்தில் அவரே நந்தனாராக வேடம் புனைந்தார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு இலட்சம் ரூபாய் என்று சொல்லப்படுகிறது. அப்படத்தில் வேதியராக நடித்தவர் கச்சேரி வித்துவானாகிய மகாராஜபுரம் விசுவநாதையர். சபைக் கச்சேரியும் நாடகமேடையும் ஒரே படத்தில் எதிரெதிரே நின்ற காட்சி அது.

இவ்விடத்தில் விசுவநாததாஸ் (1886–1940) அவர்களையும் நினைத்தல் வேண்டும். மருத்துவர் குலத்திற் பிறந்த அவர் நாடகத்தின் நடுவே நாட்டு விடுதலைப் பாட்டுக்களைப் பாடிப் பன்முறை சிறை புகுந்தார். 1940ஆம் ஆண்டின் இறுதியில் சென்னை மேடையில் முருகனாக மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருக்கையிலேயே உயிர் நீத்தார். தாழ்த்தி வைக்கப்பட்ட குலத்தின் கை பட்டால் தீட்டு என்றிருந்த நாளில், அவர் குரல் பட்ட செவிகள் மட்டும் தீட்டாகவில்லை! குலவேற்றுமையின் பொய்ம்மைக்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அரக்குத் தட்டில் அடங்கிய பாட்டு

மேடைக் குரல் ஊர் எல்லையோடு நின்றது. அதனைக் கடல்கடந்து கொண்டுசென்றது இசைத்தட்டு. இந்தியாவில் 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் பாட்டுக்கள் தட்டிற் பதிவாயின. பின்னர்த் தென்னாட்டுக் குரல்களும் பதிவாகத் தொடங்கின. அரக்குக் கலந்து செய்த அத்தட்டு நிமிடத்திற்கு 78 முறை சுழலும். ஒரு பக்கத்திற்கு மூன்று நிமிடத்திற்குச் சற்று மேற்பட்ட நேரமே கிடைக்கும். 1925ஆம் ஆண்டளவில் மின்சாரப் பதிவு வரும்வரையில், பாடுவோர் ஒரு பெரிய கூம்புக்குழலின் வாயருகே நின்று உரக்கப் பாடவேண்டும். மெல்லிய குரல் மெழுகிற் பதியாது.

இதன் விளைவு இரண்டு. மேடையிற் பழகிய உரத்த குரலே தட்டிற்கும் ஏற்றதாயிற்று. ஒரு மணி நேரம் விரிக்கும் இராகத்தை மூன்று நிமிடத்திற் பிழிந்து தரும் ஆற்றல் உடையவரே விற்பனையில் வென்றனர். அரங்கத்தினுள் நுழையவே இடம் பெறாதவன், தேநீர்க்கடை வாயிலில் நின்று அதே பாட்டைக் கேட்டான். தட்டு அவனிடம் குலம் கேட்கவில்லை. தோட்டத்து வரிசைவீடுகளில் வாழ்ந்த மலாயாத் தமிழருக்கும் தாய்நாட்டுக் குரல் இவ்வழியே வந்து சேர்ந்தது.

தட்டில் முதலில் துணிந்து பாடிய பெண்மணிகள் பெரும்பாலும் கோயிற் பணிக்கென நேர்ந்துவிடப்பட்ட குலத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களுள் கோயமுத்தூர்த் தாயி (1872–1917) ஒருவர். அவர் பாடிய தட்டைக் கேட்டு உளம் பறிகொடுத்த மொரிஸ் டெலாஜ் என்னும் பிரெஞ்சு இசையமைப்பாளர், அதனை அடியொற்றி ‘ராகமாலிகா’ என்னும் இசைப்படைப்பை ஆக்கினார். பாரிஸ் நகரத்து இசைவாணன் தலைவணங்கிய அக்குரலுக்குரியவளை அவள் ஊர்ப் பெரியோர் எவ்வாறு நடத்தியிருப்பர் என்பதை நேயர்கள் ஊகித்துக் கொள்ளலாம்.

பெண் பாடலாமா?

இன்று இவ்வினா நகைப்புக்கிடமானது. அன்றோ இதுவே பெரும் வழக்காக இருந்தது. “குலமகள்” பிறர் கேட்கப் பாடலாகாது. பாடுகின்றவள் குலமகள் ஆகாள். இவ்விரு விலங்குகளும் ஒரே பட்டறையிற் செய்தவை.

திருவையாற்றில் தியாகராசர் சமாதிக்குக் கோயில் எழுப்பத் தம் பொருளை ஈந்தவர் பெங்களூர் நாகரத்தினம்மாள் (1878–1952). கோயில் எழுப்பிய அம்மையாருக்கு அங்கு நடந்த விழாவிற் பாட உரிமையில்லை. பெண் என்பதே காரணம். அவர் அழுது கொண்டிராமல் 1927இல் பெண்களைக் கூட்டித் தனியே விழா நடத்தினார். 1940–41ஆம் ஆண்டளவிலேதான் பிரிந்திருந்த கட்சிகள் ஒன்றுபட்டன. பெண்களின் குரலும் அவ்விழாவில் இடம் பெற்றது.

சபை மேடையில் இரு வேறு திசைகளிலிருந்து இரு குரல்கள் வந்தன. மதுரையில் வீணைக் கலைஞர் சண்முகவடிவின் மகளாக 1916இற் பிறந்த எம். எஸ். சுப்புலட்சுமி, தாயின் மரபில் வளர்ந்து இளமையிலேயே தட்டிற் பாடினார். ‘சேவாசதனம்’ (1938), ‘சகுந்தலை’ (1940), ‘மீரா’ (1945) ஆகிய படங்கள் அவர் குரலை வீடுதோறும் சேர்த்தன. 1966இல் ஐக்கிய நாடுகள் அவையிற் பாடினார். 1998இல் பாரத ரத்தினம் என்னும் விருது பெற்றார். டி. கே. பட்டம்மாள் (1919–2009) பார்ப்பனக் குடும்பத்தில் தோன்றியவர். அக்குலத்துப் பெண்கள் பொதுமேடையேறுவதைக் குற்றமாகக் கருதிய காலத்தில் ஏறினார். ஆடவர்க்கே உரியதென்று ஒதுக்கி வைத்த பல்லவியையும் பாடிக் காட்டினார். பாரதியாரின் பாட்டுக்களைப் பரப்பியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

1947இல் சென்னை மாகாணத்தில் பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் வழக்கம் சட்டத்தால் ஒழிந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முதலியோர் பல்லாண்டு போராடிப் பெற்ற நன்மை அது. அச்சட்டத்தைப் போற்றுகின்ற நாம் மற்றொன்றையும் மறத்தலாகாது. இழிவை ஒழித்தபோது, அவ்விழிவைச் சுமந்துகொண்டே கலையைக் காத்த பெண்களின் பெயர்களையும் சேர்த்து ஒழித்துவிட்டோம். அவர்கள் பாட்டைச் சபைகள் ஏற்றுக்கொண்டன, அவர்களை ஏற்றுக்கொள்ளவில்லை. சீர்திருத்தம் முழுமை பெறவேண்டுமாயின் அப்பெயர்கள் வரலாற்றில் ஏறவேண்டும்.

பேசும்படமும் பாகவதரும்

1931 அக்டோபரில் ‘காளிதாஸ்’ வெளிவந்தது. டி. பி. இராஜலட்சுமி கதாநாயகியாகப் பாடி நடித்தார். அன்று தொடங்கிப் பல ஆண்டுகள் பேசும்படம் என்பது பாடும்படமாகவே இருந்தது. நடிக்கத் தெரியாதவரை மக்கள் பொறுத்தனர். பாடத் தெரியாதவரைப் பொறுக்கவில்லை.

இக்காலத்தை ஆண்டவர் மாயவரத்தில் 1910இற் பிறந்து திருச்சியில் வளர்ந்த எம். கே. தியாகராஜ பாகவதர். பொற்கொல்லர் குலத்தவர். ‘பவளக்கொடி’ (1934) அவருக்கு முதற்படம். அதில் ஐம்பது பாட்டுக்கள் அளவில் இருந்தன. ‘சிந்தாமணி’ (1937) ஓராண்டுக்கு மேல் ஓடிற்று. ‘ஹரிதாஸ்’ (1944) சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. மேடையின் உச்சச் சுருதியை அவர் விடவில்லை. ஆயினும் அதிலிருந்த முரட்டுத்தன்மையை நீக்கினார். உச்சியிலே நின்றும் குழையும் குரல் அது. பாபநாசம் சிவனின் எளிய தமிழ்ச் சொற்கள் அக்குரலில் ஏறி வண்டியோட்டிகளின் வாய்க்கும் நெசவாளர் தறிக்கும் சென்று சேர்ந்தன.

1944இன் இறுதியில் இலட்சுமிகாந்தன் கொலைவழக்கில் அவர் கைதானார், என். எஸ். கிருஷ்ணனும் உடன் சிறைப்பட்டார். 1947இல் இருவரும் குற்றமற்றவர் என விடுதலையாயினர். வெளியே வந்த பாகவதரிடம் குரல் இருந்தது; காலம் இல்லை. 1959இல் அவர் காலமானபோது தமிழ்ப்படத்தின் குரல் முற்றிலும் மாறிவிட்டிருந்தது. அம்மாற்றம் எவ்வாறு நேர்ந்தது?

இரவற் குரல்

1938இல் வந்த ‘நந்தகுமார்’ படத்தில் ஒருவர் நடிக்க மற்றொருவர் பாடும் முறை தமிழிற் புகுந்தது. 1945இல் ‘ஸ்ரீவள்ளி’ படம் வெளிவந்தபின், கதாநாயகியின் பாட்டுக்கள் மனநிறைவளிக்கவில்லை என்று, பி. ஏ. பெரியநாயகியின் குரலைப் பதிவுசெய்து படத்தில் இணைத்தனர். முகமும் குரலும் இனி ஒருவரிடமே இருக்கவேண்டுவதில்லை என்பது இதனால் உறுதியாயிற்று.

இதனைப் போலி என்று பழித்தவர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. அழகிய முகம் வாய்க்காத நற்குரலுக்கு இதனாலன்றோ வாழ்வு பிறந்தது! ஒலிவாங்கி வந்தமையால் கத்திப் பாடவேண்டிய கட்டாயமும் ஒழிந்தது. தாலாட்டும் தாய் போல, காதிற் சொல்லும் தோழி போலத் தாழ்ந்த குரலிலும் பாடலாம் என்றாயிற்று. ஏ. எம். ராஜாவின் மென்குரலும், பி. பி. சீனிவாசின் தாழ்குரலும் பழைய நாடகக் கொட்டகையில் முதல் வரிசையைத் தாண்டியிரா. அவற்றை மக்கள் நெஞ்சுக்குக் கொண்டுவந்தது கருவி.

டி. எம். சௌந்தரராஜன் வரலாறு இம்மாற்றத்தை நன்கு விளக்கும். மதுரைச் சௌராட்டிரக் குடும்பத்திற் பிறந்த அவர், பாகவதரைப் போலவே பாடித் திரையுலகிற் புகுந்தார். ‘தூக்குத் தூக்கி’, ‘மலைக்கள்ளன்’ ஆகிய இரண்டும் 1954இல் வந்தன. முன்னதிற் சிவாஜி கணேசனுக்கும் பின்னதில் எம். ஜி. இராமச்சந்திரனுக்கும் பாடினார். நடிகருக்கேற்பக் குரலை மாற்றும் கலையை அவர் பிற்காலத்தில் வளர்த்தெடுத்த விதம், கண்ணை மூடிக்கொண்டு கேட்பவனுக்கும் முகத்தைக் காட்டிற்று. மறுபுறம் சீர்காழி கோவிந்தராஜனும் (1933–1988) சிதம்பரம் ஜெயராமனும் (1917–1995) எவருக்காகவும் தம் குரலை மாற்றாமல் வென்றவர்கள். பி. சுசீலா ஆந்திரத்துப் பெண்மணி, பி. லீலா கேரளத்துப் பெண்மணி. தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாத இவர்களிடமிருந்து தமிழ் ஒலிப்பைக் கற்கலாம் என்று தமிழரே சொல்லும் நிலை உண்டாயிற்று. மொழி உழைப்பவர்க்கு உரியது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

நம் நாட்டிலும் அவ்வாண்டுகளில் இதற்கு இணையானதொன்று நிகழ்ந்தது. பினாங்கில் 1929இற் பிறந்த பி. ரம்லீ, சிங்கப்பூரில் எடுத்த ‘பக்தி’ (1950) படத்தில் முதன்முறையாகக் கதாநாயகனாக நடித்தார். அப்படத்தை இயக்கியவர் எல். கிருஷ்ணன் என்னும் தமிழர். மலாய் மக்களின் பெருங்குரல் திரையில் முன்னிலைக்கு வந்தபோது தமிழர் ஒருவர் உடன் நின்றார் என்பது நாம் மகிழத்தக்கது.

எம்மொழியிற் பாடுவது?

1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அரசர் அண்ணாமலைச் செட்டியார் தமிழிசை மாநாட்டைக் கூட்டினார்; 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றிற்று. தமிழ்நாட்டுச் சபைகளில் தமிழ்ப் பாட்டு கச்சேரியின் கடைசியில் துக்கடாவாக மட்டும் வந்தது. கேட்போர் தமிழர், பாடுவோர் பெரும்பாலும் தமிழர், பாட்டு மட்டும் வேற்றுமொழி. “இசைக்கு மொழியில்லை” என்று எதிர்த்தோர் வாதித்தனர். இசைக்கு மொழியில்லையாயின் தமிழில் பாடுவதற்கு மட்டும் தடை என்ன என்பதே அதற்குத் தக்க விடை.

மெய்யாகப் பார்த்தால் இவ்வழக்கை மக்கள் முன்னரே தீர்த்துவிட்டனர். நாடகமேடையும் பேசும்படமும் தமிழிலேயே பாடின. மக்கள் அவற்றையே விரும்பினர். அறிஞர்கள் மாநாடு கூட்டித் தீர்மானம் செய்ததை, வண்டியோட்டி பத்தாண்டுக்கு முன்பே தன் வாயால் நிறைவேற்றியிருந்தான்.

சமய எல்லை கடந்த குரல்கள்

நாகூர் இ. எம். ஹனிபா (1925–2015) திராவிட இயக்க மேடைகளில் இளமையிலேயே பாடத் தொடங்கியவர். அவருடைய கணீரென்ற குரல் கூட்டத்திற்கு முன்னோடி. அக்குரல் கேட்டபின்னரே பேச்சாளர் வருவர். அதே குரல் பாடிய இசுலாமியப் பாட்டுக்கள் பிற சமயத்தார் இல்லங்களிலும் விருப்புடன் ஒலிக்கின்றன. எல். ஆர். ஈஸ்வரி கிறித்தவக் குடும்பத்திற் பிறந்தவர். அவர் பாடிய அம்மன் பாட்டுக்கள் ஒலியாத ஆடித் திருவிழா அரிது. சமயத்தின் பெயரால் மக்களைப் பிரிக்க முயல்வோர் இவ்விரு குரல்களையும் சற்றே செவிமடுத்தல் நன்று.

பதிவாகாத குரல்கள்

இதுகாறும் கூறிய யாவும் தட்டிலோ படத்திலோ இடம்பெற்ற குரல்கள். நடவுப் பாட்டும் ஏற்றப் பாட்டும் ஒப்பாரியும் பாடிய உழவர் மகளிரின் குரல்கள் எங்கே? கொல்லங்குடி கருப்பாயி ‘ஆண் பாவம்’ (1985) படத்திலும், பரவை முனியம்மா ‘தூள்’ (2003) படத்திலும் தோன்றிய பின்னரே நகரத்தார் அவ்வகைக் குரலை வியந்து கேட்டனர். அவ்விருவர் பின்னால் பெயர் தெரியாதவர் எத்தனை ஆயிரவர்!

நம் நாட்டின் நிலை இன்னும் கவலைக்குரியது. பால்மரக் காட்டில் விடியற்காலையில் மரம் சீவியவர்கள் தம் துயரைப் பாட்டாகக் கட்டிப் பாடினர். கங்காணியின் கொடுமையும், கப்பலேறி வந்த ஏக்கமும், சயாம் மரண இரயில் பாதைக்குச் சென்று மீளாத கணவனுக்கான அழுகையும் அவற்றில் உண்டு. அப்பாட்டுக்களின் சொற்களைச் சிலர் அரிதின் முயன்று நூலாக்கியுள்ளனர். குரலோ நூலில் ஏறாது. எழுத்தில் உள்ள ஒப்பாரி உமி. பாடக் கேட்டால்தான் அரிசி.

அன்று ஒரு குரலைப் பதிவுசெய்யக் கம்பெனியாரும் பெரும்பொருளும் வேண்டியிருந்தன. இன்று ஒவ்வோர் இளைஞர் சட்டைப் பையிலும் கைப்பேசி வடிவில் ஒரு பதிவுக் கருவி இருக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மறைந்துவிட்டன. அங்குப் பாடிய பாட்டிமார் சிலர் இன்னும் நம்மிடையே உள்ளனர். சங்கங்கள் ஆண்டுவிழாவுக்குத் திரைப்பாடகரை வரவழைக்கச் செலவிடும் பொருளில் பத்தில் ஒரு பங்கை இப்பணிக்கு ஒதுக்கட்டும். இளைஞர்கள் விடுமுறை நாளில் ஒரு பாட்டியின் முன்னமர்ந்து பாடச் சொல்லிக் கேட்கட்டும், பதிவு செய்யட்டும், பாடியவர் பெயரையும் ஊரையும் மறவாது குறிக்கட்டும். கோயமுத்தூர்த் தாயியின் குரலைத் தட்டு காத்தது. நம் பாட்டிமாரின் குரலைக் காப்பவர் நம்மையன்றி வேறு எவருமிலர்.